மணக்கிற குளோரீன், களைத்த குளோரீன்

போன மார்கழியில் கனடாவின் மார்க்கம் நகரில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே மைனஸ் 12 பாகை. புதிதாக வாங்கிய வீட்டின் பின்வளவில் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஹொட் டப் ஒன்று. மச்சான் மூடியைத் தூக்கினார். ஆவியோடு சேர்ந்து மூக்கைத் துளைக்கிற நெடி ஒன்று எழும்பியது. "மருந்து மணக்குதல்லோ? தண்ணி சுத்தமெண்டு அதிலேயே தெரியும்" என்றார் பெருமையாக. தண்ணீரும் கண்ணாடி மாதிரித்தான் கிடந்தது. நான் தடிமன் என்று ஒரு பொய் சொல்லிக் கரையிலேயே நின்றுகொண்டேன். இறங்கிய நான்கு பேரில் இரண்டு பேருக்கு, மூன்றாம் நாள், நீச்சல் உடை இறுக்கிப் பிடித்திருந்த இடமெல்லாம் சிவந்த சிறு கொப்புளங்கள். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் ஹொட் டப் இருக்கிறதா?" என்பதுதான். சூடோமோனாஸ் என்ற பக்டீரியா மயிர்க்கால்களுக்குள் புகுந்து செய்கிற வேலை அது. பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அவர்களுக்கும் ஆறிவிட்டது.

மச்சானைக் குறை சொல்வதற்கில்லை. ஹொட் டப் வைத்திருப்பவர்களுக்குக் கடையில் ஒரு வாளி நிறையப் போத்தல்கள் கொடுத்து அனுப்புகிறார்கள். பிஎச் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, காரத்தன்மைக்கு ஒன்று, 'ஷொக்' கொடுக்க ஒன்று, தண்ணீரைத் தெளிய வைக்க ஒன்று, நுரையை அடக்க ஒன்று. ஒவ்வொரு போத்தலின் முதுகிலும் அந்தப் போத்தலைப் பற்றி மட்டும் எழுதியிருக்கும். அது மற்றதை என்ன செய்யும் என்று எதிலும் இராது. மாமியாரைத் தனியாகவும் மருமகளைத் தனியாகவும் விசாரித்து வீட்டு நிலவரத்தை அறிய முயல்வது போன்றது அது. தண்ணீருக்குள் போனதும் இவையெல்லாம் ஒரே வீட்டு ஆட்கள். ஒருவரைத் தொட்டால் மற்றவர் அசைவார்.

நெடியிலிருந்தே தொடங்குவோம். சுத்தமான தண்ணீரில் அளவாகக் கலந்த குளோரீன் ஏறக்குறைய மணப்பதே இல்லை. நம் உடம்பிலிருந்து வியர்வையும், தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கும், சிறு பிள்ளைகள் இருந்தால் சிறுநீரும் தண்ணீரில் கலக்கின்றன. இவற்றில் நைதரசன் சேர்ந்த பொருள்கள் உண்டு. குளோரீன் அவற்றோடு பிணைந்து குளோரமீன் ஆகிறது. நாம் 'குளோரீன் மணம்' என்று சொல்வது இந்தக் குளோரமீனின் மணத்தைத்தான். அடுப்படியில் பாத்திரம் துடைத்துத் துடைத்து நாறிப்போன துணியை நினைத்துக்கொள்ளுங்கள். அது துணிதான், ஆனால் துடைக்கிற சக்தி போய்விட்டது. குளோரமீனும் கிருமியைக் கொல்லும், ஆனால் மிக மெதுவாக. கண் எரிவதற்கும் தொண்டை கமறுவதற்கும் காரணமும் பெரும்பாலும் அதுவே.

அதனால்தான் பரிசோதனைப் பெட்டிகளில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒன்று தனித்து நிற்கும் குளோரீன், இன்னொன்று மொத்தக் குளோரீன். முதலாவதுதான் வேலைக்கு ஆயத்தமாக நிற்கும் ஆள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் களைத்துப்போன கூட்டம். மச்சான் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தபோது மொத்தம் 3 காட்டியது, தனித்தது 0.5. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி, ஹொட் டப்பில் தனித்த குளோரீன் குறைந்தது 3 பிபிஎம் இருக்கவேண்டும் என்கிறது. ஒரு பிபிஎம் என்றால் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம். மச்சானின் தொட்டியில் மொத்தம் 3 இருந்தது, ஆனால் அதில் ஆறில் ஐந்து பங்கு செத்த காசு.

இங்கே வருவதுதான் பலருக்கு நம்பக் கடினமான செய்தி. குளோரீன் நெடி அடித்தால் குளோரீனைக் கூட்டவேண்டும். கொஞ்சமாகக் கூட்டினால் போதாது, ஒரேயடியாகக் கூட்டவேண்டும். சின்னச் சின்ன அளவாகச் சேர்த்தால் இன்னும் அதிகக் குளோரமீன்தான் உருவாகும். ஒரு மாலைப் பொழுதில் 10 பிபிஎம் அளவுக்கு உயர்த்தி, மூடியைத் திறந்து வைத்து, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டுகளை ஓடவிட்டால் பிணைந்தவை உடைந்து ஆவியாகப் போய்விடும். 'ஷொக்' என்று சொல்வது இதைத்தான். மூடியைப் பூட்டி வைத்துக்கொண்டு ஷொக் கொடுத்தால் வெளியேற வேண்டியது உள்ளேயே நிற்கும், விலை கூடிய மூடியின் அடிப்பக்கமும் அரித்துப்போகும். அளவு 5-க்குக் கீழே இறங்கும் வரை யாரும் இறங்கவேண்டாம்.

ரொறன்ரோவாசிகளுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. நகரின் குழாய்த் தண்ணீரில் குளோரமீன் வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. நெடுந்தூரக் குழாய்களில் அது நின்றுபிடிக்கும் என்பதற்காக. ஆகவே புதிதாக நிரப்பிய தொட்டியைச் சோதித்தால் மொத்தக் குளோரீன் இருக்கும், தனித்தது இராது. தண்ணீர் கெட்டுவிட்டதென்று பதறவேண்டாம், மருந்து இருக்கிறதென்று நம்பவும் வேண்டாம்.

ஹொட் டப் என்பது சின்ன நீச்சல் குளம் என்ற நினைப்பில் பிறக்கிற பிழைகள் பல. ஒரு சாதாரணத் தொட்டி 1,500 லீற்றர் கொள்ளும். நான்கு பேர் இறங்கினால் ஆளுக்கு 375 லீற்றர். அதே நெருக்கத்தை 75,000 லீற்றர் கொண்ட பின்வளவு நீச்சல் குளத்தில் காணவேண்டுமானால் 200 பேரை அதற்குள் இறக்கவேண்டும். நல்லூர்த் தேர்க்கூட்டம்தான். அதோடு தண்ணீரின் சூடு 40 பாகை வரை போகிறது. சூட்டில் நாம் வியர்க்கிறோம், தண்ணீருக்குள் இருப்பதால் அது தெரிவதில்லை. சூட்டில் குளோரீனும் வேகமாகத் தீர்கிறது. இரண்டு பேர் ஒரு மணி நேரம் இருந்து எழும்பினால், இறங்கும்போது இருந்த குளோரீன் முழுதும் தீர்ந்திருந்தாலும் வியப்பில்லை. திருகோணமலை கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நாம் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறோம். ஊற்றிய தண்ணீர் ஓடிவிடும், ஊற்று புதிதாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஹொட் டப்பில் நேற்று இருந்தவரின் வியர்வை இன்று உங்களோடு இருக்கும். அதை எரித்து முடிப்பது குளோரீனின் வேலை. ஆகவே மருந்து போடும் நேரம் இறங்குவதற்கு முன் மட்டும் அல்ல. எழும்பியவுடன் போடவேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதை.

இனி பிஎச். கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சென் 1909-இல் தந்த அளவுகோல் இது. 7 நடு, கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. 7-க்கும் 8-க்கும் இடையில் இருப்பது ஒன்று போலத் தெரிந்தாலும் உண்மையில் பத்து மடங்கு வித்தியாசம்.

பிஎச்சைக் கண் எரியாமல் இருக்கவும் தோல் வறளாமல் இருக்கவும் பார்ப்பதாகத்தான் பலர் எண்ணுகிறார்கள். அது உண்மை, ஆனால் சின்ன உண்மை. பெரியது இது: குளோரீனை நீங்கள் திரவமாக ஊற்றினாலும் தூளாகத் தூவினாலும் தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் நிற்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றது ஹைப்போகுளோரைற்று அயன். முதலாவதற்கு மின்னேற்றம் இல்லை. பக்டீரியாவின் சுவருக்குள் அது தடையின்றி நுழைந்துவிடும். இரண்டாவதற்கு எதிர் மின்னேற்றம் உண்டு. பக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர் மின்னேற்றம் கொண்டதால் வாசலிலேயே தள்ளப்படுகிறது. கொல்லும் வேகத்தில் முதலாவது பல பத்து மடங்கு கூடியது. தண்ணீரில் எது எவ்வளவு நிற்கும் என்று தீர்மானிப்பது பிஎச். 7-இல் குளோரீனின் முக்கால் பங்குக்குக் கிட்ட வேகமான வடிவில் நிற்கும். 7.5-ஐ ஒட்டிப் பாதி. 8-இல் கால் பங்கு. 8.5-இல் பத்தில் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஎச் 8 ஆக இருக்கும் தொட்டியில் குளோரீன் 4 என்று காட்டுகிறது. பக்கத்து வீட்டுத் தொட்டியில் பிஎச் 7.5, குளோரீன் 2. கொல்லும் வேகத்தில் இரண்டும் ஒன்றுதான். மற்ற வடிவம் வீணாகிப் போவதில்லை, அது கையிருப்பு. முன்னணியில் நிற்பது தீரத் தீர அதிலிருந்து ஆள் வரும். ஆனால் புதிதாக இறங்குகிறவர் கொண்டுவரும் கிருமியை அந்தக் கணமே எதிர்கொள்வது முன்னணிதான். ஆகவே யாராவது "எங்கட தொட்டியில குளோரீன் 4" என்று சொன்னால், பிஎச் எவ்வளவு என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். சிடிசி 7.0 முதல் 7.8 வரை வைக்கச் சொல்கிறது. என் அனுபவத்தில் 7.4-ஐ நோக்கிப் போய் 7.6-க்கு மேல் விடாமல் பார்ப்பது நல்லது. கீழேயும் இறக்கிவிடக்கூடாது. 7-க்குக் கீழே போன தண்ணீர் சூடாக்கியின் உலோகத்தைத் தின்னத் தொடங்கும்.

ஹொட் டப்பில் பிஎச் ஏன் எப்போதும் மேலேயே ஏறுகிறது? மருந்துப் போத்தலைக் குறை சொல்லவேண்டாம். காரணம் குமிழிகள். ஜக்கூஸி என்பது இத்தாலியிலிருந்து அமெரிக்கா வந்த ஒரு குடும்பத்தின் பெயர். மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தம் வீட்டுப் பிள்ளைக்காக, குளியல் தொட்டிக்குள் இறக்கித் தண்ணீரைச் சுழற்றும் ஒரு பம்ப்பை அவர்கள் செய்தார்கள். 1956-இல் அது சந்தைக்கு வந்தது. அன்றிலிருந்து இந்தத் தொட்டிகளின் சுகமே காற்றும் தண்ணீரும் கலந்து முதுகில் மோதுவதுதான். சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்தால் என்ன நடக்கும்? வாயு வெளியேறிச் சோடா சப்பென்று போகும். ஹொட் டப் தண்ணீரிலும் கரைந்த கரியமில வாயு இருக்கிறது. தண்ணீரில் அது மெல்லிய அமிலமாக நிற்கிறது. ஜெட்டுகள் ஓடும்போது அந்த வாயு வெளியேறுகிறது. அமிலம் போனால் பிஎச் ஏறத்தானே செய்யும்.

அந்த வாயு எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்வதுதான் மொத்தக் காரத்தன்மை. கடைப் போத்தல்களில் மிகவும் குழப்புவது இந்தச் சொல். காரத்தன்மையும் பிஎச்சும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். பிஎச் என்பது தண்ணீர் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்பது. காரத்தன்மை, யாராவது தள்ளினால் அது எவ்வளவு அசைந்துகொடுக்கும் என்பது. பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த பைகாபனேற்றுத்தான் அது, நம் வீட்டு அப்பச்சோடாவேதான். மிகக் குறைந்தால் ஒரு தேக்கரண்டி அமிலத்துக்கே பிஎச் கவிழ்ந்து விழும். மிகக் கூடினால் ஜெட் போடும் ஒவ்வொரு தடவையும் பிஎச் மேலே ஓடும், நீங்கள் அமிலத்தோடு அதைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். கடைகளில் சொல்லும் அளவு 80 முதல் 120 பிபிஎம். ஜெட்டுகளை அதிகம் ஓட்டும் வீடுகளில் 80-க்குக் கிட்ட வைப்பது மேல் என்பேன். 120-இல் வைத்துவிட்டு ஏன் பிஎச் நிற்கவில்லை என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

கூட்டுவது எளிது. 1,500 லீற்றர் தொட்டியில் 10 பிபிஎம் உயர்த்தச் சுமார் 25 கிராம் அப்பச்சோடா போதும். 'காரத்தன்மை கூட்டி' என்று விலை கூடிய போத்தலில் வருவதும் பெரும்பாலும் அதே சரக்குத்தான். பலசரக்குக் கடையில் பெட்டியாக வாங்கிக்கொள்ளுங்கள். குறைப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அமிலம் விட்டால் காரத்தன்மையும் குறையும், பிஎச்சும் குறையும். காரத்தன்மை மட்டும் குறையவேண்டும் என்றால் என்ன செய்வது? அமிலத்தால் பிஎச்சை 7.2 வரை இறக்குங்கள். பிறகு மூடியைத் திறந்து, காற்றுத் துளைகளையும் திறந்து, ஜெட்டுகளை ஓடவிடுங்கள். கரியமில வாயு வெளியேறிப் பிஎச் தானாக மேலே வரும், காரத்தன்மை இறங்கிய இடத்திலேயே நிற்கும். வேண்டிய அளவு வரும் வரை இதையே திரும்பச் செய்யலாம். பிஎச்சைக் கூட்ட மருந்தே தேவையில்லை, காற்றுப் போதும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து 'பிஎச் கூட்டி' போத்தல் என் வீட்டில் தூசி படிந்து கிடக்கிறது.

மருந்து போடும் ஒழுங்கும் இதிலிருந்தே வருகிறது. முதலில் காரத்தன்மை, பிறகு பிஎச், அதற்குப் பிறகுதான் குளோரீன். தலைகீழாகச் செய்தால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும்.

கடினத்தன்மையை நமக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அந்தச் செதிலை நாம் சிறுவயதிலேயே சுரண்டியிருக்கிறோம். அதே கல்சியம்தான் இங்கேயும். சூடான தண்ணீரில் கல்சியம் காபனேற்றுக் கரைவது குறையும், பிஎச் ஏறினாலும் குறையும். சூடாக்கியின் மேல் இரண்டும் சேர்ந்து வருவதால் முதலில் படிவதும் அங்கேதான். ரொறன்ரோ ஏரித் தண்ணீர் நடுத்தரமானது, அதை அப்படியே விடலாம். குவெல்ஃப், வாட்டர்லூப் பக்கம் நிலத்தடி நீர். அங்கே குழாய்த் தண்ணீர் மிகவும் கடினம். அங்குள்ளவர்கள் பிஎச்சைக் கொஞ்சம் தாழ்வாக வைத்துக்கொண்டால் செதில் பிடிக்காது. வீட்டில் நீர் மென்மையாக்கி இருக்கிறதென்று முழுதும் அதிலிருந்தே நிரப்புவதும் பிழை. கல்சியமே இல்லாத தண்ணீர் நுரை கட்டும், உலோகத்தை அரிக்கவும் பார்க்கும். இரண்டையும் கலந்து நிரப்பலாம்.

அடுத்தது, நல்ல பழக்கமுள்ளவர்களே விழுகிற குழி. ஹொட் டப்புக்கென்று விற்கும் வெள்ளைக் குளோரீன் தூள் பெரும்பாலும் டைகுளோர். கரைவது எளிது, கையாள்வது எளிது, பிஎச்சையும் அதிகம் குழப்பாது. நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் அதில் குளோரீனோடு சயனூரிக் அமிலம் என்ற இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. வெயிலில் குளோரீன் சிதையாமல் காப்பதற்காகத் திறந்த நீச்சல் குளங்களுக்கென்று வந்த பொருள் அது. குளோரீனைக் கையில் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். குளோரீன் தீர்ந்தாலும் இது தீராது. ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. டைகுளோரில் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரீனுக்கும் 9 பிபிஎம் சயனூரிக் அமிலம் சேர்கிறது. நாளுக்கு 3 பிபிஎம் வீதம் ஒரு மாதம் போட்டால் 81 பிபிஎம். அதற்குள் சோதனைத்தாள் தினமும் 'நல்ல குளோரீன்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். உண்மையில் அதன் பெரும்பகுதி கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும். மாதக் கடைசியில் "எல்லாம் சரியாத்தானே போடுறன், பிறகேன் தண்ணி கலங்குது?" என்று கேட்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். மூடி போட்டிருக்கும் தொட்டிக்கு வெயில் காப்பு எதற்கு? சிடிசியும் ஹொட் டப்புகளில் சயனூரிக் அமிலமும் அது கலந்த குளோரீனும் வேண்டாம் என்கிறது.

அதற்குப் பதிலாக வாசனை சேர்க்காத, தடிப்பாக்காத வெறும் சலவை ப்ளீச்சைப் பயன்படுத்தலாம். அதுவும் குளோரீன்தான், சயனூரிக் அமிலம் இல்லை. 1,500 லீற்றரில் 3 பிபிஎம் என்பது வெறும் 4.5 கிராம் குளோரீன். 5 வீத ப்ளீச் என்றால் சுமார் 90 மில்லி, ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை கூட நிரம்பாது. டைகுளோர் கையில் இருப்பவர்கள் புதுத் தண்ணீருக்கு முதல் சில நாட்கள் மட்டும் அதைப் போட்டுவிட்டு ப்ளீச்சுக்கு மாறுவதும் உண்டு. ப்ளீச்சையும் அமிலத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரீன் வாயு எழும்பும். ஒன்றைப் போட்டு ஜெட்டை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்து மற்றது. நீச்சல் குளத்து மாத்திரைக் குளோரீனை டைகுளோர்த் தூளோடு ஒரே கரண்டியால் அள்ளவும் கூடாது. வேறு வேறு வகைக் குளோரீன்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

புரோமீன் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சூட்டிலும் பிஎச் கொஞ்சம் ஏறினாலும் அது குளோரீனைவிட நன்றாக நின்று வேலை செய்யும், களைத்த புரோமீன் கூடக் கிருமியைக் கொல்லும். 4 பிபிஎம்முக்குக் குறையாமல் வைக்கவேண்டும். விலை கூட. தோலில் அதன் வாடை சற்று நேரம் நிற்கும். எனக்குப் பிடிக்கவில்லை, பிடித்தவர்களோடு சண்டையும் இல்லை.

இத்தனை கவனம் எதற்கு, நாலு கொப்புளத்துக்கா என்று மச்சான் கேட்டார். அவருக்கு நெதர்லாந்துக் கதையைச் சொன்னேன். 1999-இல் பொவென்கார்ஸ்பெல் என்ற ஊரில் பெரிய மலர்க் கண்காட்சி. ஒரு மண்டபத்தில் ஹொட் டப்புகளை ஓடவிட்டுக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒருவரும் அவற்றில் இறங்கவில்லை. பக்கத்தால் நடந்து போனவர்கள்தான் நோயில் விழுந்தார்கள். லீஜியனெல்லா என்ற பக்டீரியா தரும் நுரையீரல் அழற்சி. 32 பேர் இறந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து 2019-இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு மாநிலச் சந்தையில் அதே கதை. காட்சிக்கு வைத்த ஹொட் டப்புகள், நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகள், 4 மரணங்கள்.

லீஜியனெல்லாவுக்கு மிகப் பிடித்த சூடு 25 முதல் 45 பாகை. ஹொட் டப்பின் சூடு அதற்குள் அடங்கிவிடுகிறது. குமிழி உடையும்போது எழும்பும் மெல்லிய தூவலில் அது காற்றில் மிதக்கும், மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். தண்ணீரைக் குடிக்கவேண்டியதில்லை, தொடவும் வேண்டியதில்லை. வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் ஆபத்துக் கூட. அந்தத் தொட்டிகளின் தண்ணீரைப் பார்த்த யாருக்கும் அது கெட்டுப்போனது என்று தோன்றியிருக்காது. தெளிந்த தண்ணீர் என்பது கண்ணுக்கு மட்டும் கிடைக்கும் செய்தி.

பக்டீரியாக்கள் தனித்து நீந்திக்கொண்டிருந்தால் குளோரீன் அவற்றை நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் அவை குழாய்களின் உட்சுவரில் வழுவழுப்பான பாசி போலப் படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. கிணற்றுப் படிக்கட்டில் கால் வழுக்குமே, அந்த மாதிரி. ஒரு வாரம் குளோரீன் இல்லாமல் விட்டாலே போதும், படலம் கட்டிவிடும். பிறகு எவ்வளவு மருந்து விட்டாலும் மேற்பரப்போடு தேய்ந்துபோகும். மச்சானின் தொட்டி மூன்று மாதம் ஆளில்லாத வீட்டில் சூடாகவே கிடந்திருக்கிறது. அதற்குத் தண்ணீரைச் சரிசெய்வது தீர்வில்லை. குழாய் கழுவும் மருந்தை விட்டு ஓடவிட்டு, முழுவதையும் வடித்து, ஃபில்டரை மாற்றி, புதிதாக நிரப்பினோம். வடிக்கும்போது ஜெட் துளைகளிலிருந்து வெளியே வந்த பழுப்பு நிறத் துணுக்குகளைப் பார்த்த பிறகு மச்சான் மூடியை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டார். பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு இதுதான் என் முதல் வேண்டுகோள்: கண்ணாடி போல் இருந்தாலும் அந்தத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

சோதனைத்தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவசரத்துக்கு நல்லவை, ஆனால் ஈரக் கையால் போத்தலைத் திறந்து திறந்து மூடினால் மிச்சத் தாள்கள் பொய் சொல்லத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொட்டு மருந்துப் பெட்டியால் பாருங்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. குளோரீனைக் காட்டும் இளஞ்சிவப்பு நிறம், குளோரீன் மிகக் கூடினால் வெளிறிப்போய் நிறமே இல்லாமல் நிற்கும். 'குளோரீன் இல்லை' என்று நினைத்து இன்னும் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மாதிரித் தண்ணீரோடு பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து திரும்பப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த அளவு சரியாக இருந்தாலும் உள்ளே விடாதீர்கள். அது தண்ணீரின் பிழை அல்ல, அவர்களின் உடம்பு சூட்டைத் தாங்காது. இறங்குமுன் எல்லோரும் சவர்க்காரம் போட்டு ஒரு குளிப்புக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். தலை எண்ணெயும் முகப்பூச்சும் தின்னும் குளோரீன் கொஞ்சமல்ல. கிணற்றடியில் கால் கழுவாமல் வீட்டுக்குள் விடாத அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கக்கூடாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் தண்ணீருக்கு வயதாகும். கரைந்தவை கரைந்தபடியே நிற்கும், மருந்தின் உப்பும் சேரும். ஒரு பழைய கணக்கு உண்டு. தொட்டியின் லீற்றரை ஏறத்தாழ 11-ஆல் வகுத்து, வந்ததை ஒரு நாளில் இறங்குகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றவேண்டும் என்று தெரியும். 1,500 லீற்றர், தினம் இரண்டு பேர் என்றால் 68 நாள். விருந்தாளிகள் கூடும் வீட்டுக்கு இன்னும் குறைவு. கனடாவில் இருப்பவர்கள் கணக்கை முன்கூட்டிப் பார்த்து, அது இடம் கொடுத்தால், மார்கழிக்கு முன்னரும் பங்குனி கழிந்தும் மாற்றும்படி வைத்துக்கொண்டால் நடுக்குளிரில் உறைந்த குழாயோடு போராட வேண்டியிராது.

வடிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே குளோரீன் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து வையுங்கள். அளவு பூச்சியத்துக்கு வந்த பிறகு குழாயை வீட்டுக் கழிவுநீர்ப் பக்கம் இழுத்து விடுங்கள். தெருவோரத்து மழைநீர் வாய்க்காலில் விடவேண்டாம். அந்த வாய்க்கால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போவதில்லை. ஓடை வழியாக நேரே ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. அடுத்த தடவை தொட்டியை நிரப்பத் திறக்கும் குழாய்க்குத் தண்ணீர் வருவதும் அதே ஏரியிலிருந்துதான்.